பவர் ஸ்டியரிங் புல்லியில் நட்டே இல்லை, எப்படிக் கழற்றுவது?

மண்டபம் சவாரி
சனி, காலை 6.50

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2008 மாடல் டீசல், ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இழை முழுக்க அந்தக் கம்பெனிச் சண்டைதான் நடக்கும், போன முறை டயர் இழையில் பார்த்தோமே. இதில் கம்பெனி மேல் தப்பும் இல்லை. சீசன் நேரத்தில் தினம் இரண்டு நடை ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு ஆள் ஏற்றிப் போகிறேன். இரண்டு பக்கமும் கடல். உப்புச் சாரல் கண்ணாடியில் படிந்தால் துடைத்துவிடுகிறோம், பானெட்டுக்குள் படிவதை யார் பார்க்கிறார்கள்?

பத்து நாளாக, வண்டியை நிறுத்தும்போது ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் கிறீச்சென்று கத்துகிறது. வண்டியில் இருக்கும் பெரியம்மாக்கள் எல்லாம் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பார்த்தேன். பவர் ஸ்டியரிங் பம்பின் புல்லி நேராகச் சுற்றவில்லை, நெளிந்த தட்டு மாதிரி ஆடி ஆடிச் சுற்றுகிறது. அதன் ஓரத்தைத் துரு தின்றுவிட்டது. பெல்ட்டின் ஒரு பக்கம் நூல் பிரிந்து, சுற்றிலும் கறுப்புத் தூள்.

ஒரு இடத்தில் காட்டினேன், பம்பையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். இன்னொரு இடத்தில் உளியை வைத்துச் சுத்தியால் நாலு போடு போட்டு, ஓரத்தில் ஒரு சில்லைப் பெயர்த்துவிட்டு, "வரமாட்டேங்குது" என்று கையை விரித்துவிட்டார்கள். புதுப் புல்லி தபாலில் வந்துவிட்டது. வீட்டிலேயே மாற்றலாம் என்று இருக்கிறேன்.

இப்போது கேள்வி: புல்லியின் நடுவில் நட்டே இல்லை. தண்டின் முனை தெரிகிறது, அதன் நடுவில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் மரை. இருந்த நட்டு கழன்று எங்கேயாவது விழுந்துவிட்டதா?

பரமக்குடி பைக்கர்
சனி, காலை 7.15

விழுந்திருக்கும் புரோ. பின்னாலிருந்து இரண்டு பக்கமும் டயர் லீவர் கொடுத்து நெம்பு, முன்னாலிருந்து தண்டில் ஒரு தட்டு. வந்துடும்.

பாம்பன் போட்டு
சனி, காலை 7.40

தம்பி பரமக்குடி, தட்டுகிற வேலையை இனிமேல் யாருக்கும் சொல்லாதே. மண்டபம் தம்பி, பதற வேண்டாம், நட்டு எங்கேயும் விழவில்லை. சில பம்புகளில் நட்டே கிடையாது. தண்டு கொஞ்சம் பருமன், புல்லியின் ஓட்டை மயிரிழை சின்னது. அழுத்தி ஏற்றிவிட்டால் அந்த இறுக்கமே பிடி. பட்டறையில் இதைப் பிரஸ் ஃபிட் என்போம்.

நடுவில் இருக்கும் மரை புல்லியைப் பிடித்துவைக்க இல்லை. புதுப் புல்லியை ஏற்றும்போது கருவி மாட்டுவதற்காக வைத்தது.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று பார். பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும், உள்ளேயும் வெளியேயும் ஆட்டு. தண்டோடு சேர்ந்து ஆடினால் பம்புக்குள் புஷ்ஷோ பேரிங்கோ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். புல்லிக்குப் பின்னால் எண்ணெய் ஈரம் இருந்தாலும் சந்தேகம்தான், சீல் போயிருக்கும். அப்படி இருந்தால் பம்பை மாற்று என்று சொன்னவர் சொன்னது சரி, புதுப் புல்லி போட்டும் பயன் இல்லை. தண்டு ஆடாமல் புல்லி மட்டும் நெளிந்திருந்தால் உனக்கு யோகம்.

போட்டு இன்ஜினில் முப்பது வருசம் கைவைத்தவன் சொல்கிறேன்: கழற்றுவதற்கு முன்னால் பார்ப்பதுதான் பாதி வேலை.

மண்டபம் சவாரி
சனி, மதியம் 12.30

அண்ணே, பார்த்துவிட்டேன். ஆட்டினால் தண்டு அசையவில்லை. பின்னால் ஈரமும் இல்லை, காய்ந்த மண்தான். நெளிவு எவ்வளவு என்று அளக்க ஒரு வேலை செய்தேன். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, பம்பு பிராக்கெட்டில் ரப்பர் பேண்டால் கட்டி, அதன் நுனி புல்லியின் ஓரத்தைத் தொடாமல் தொடும்படி நிறுத்தினேன். புல்லியைக் கையால் மெல்லச் சுற்றினால் ஒரு இடத்தில் குச்சியை உரசுகிறது, எதிர்ப்பக்கம் வரும்போது இரண்டு மி.மீ. இடைவெளி விடுகிறது. உரசுகிற இடம் அந்த உளிக்காரர் போட்ட இடத்துக்கு நேர் எதிர்.

பாலிடெக்னிக் வாத்தியார்
சனி, மதியம் 1.05

ஈர்க்குச்சி டயல் கேஜ்! என் மாணவர்களுக்குக் காட்டப்போகிறேன், தயவுசெய்து படம் போடுங்கள்.

மதுரைக்காரன் 5
சனி, மதியம் 1.20

என் காரில் பானெட்டைத் திறந்து தேடிப் பார்த்தேன், பவர் ஸ்டியரிங் இருக்கிறது, ஆனால் புல்லியும் இல்லை பம்பும் இல்லையே. யாராவது திருடிவிட்டார்களா?

பாம்பன் போட்டு
சனி, மதியம் 1.32

உங்களுடையது மின்சார ஸ்டியரிங்காக இருக்கும். மோட்டார் ஸ்டியரிங் தண்டிலோ ராக்கிலோ உட்கார்ந்திருக்கும், அதற்கு எண்ணெயும் வேண்டாம் பெல்ட்டும் வேண்டாம். பானெட்டை மூடிவிட்டுப் போய் நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

கீழக்கரை காக்கா
சனி, மாலை 4.45

அஸர் தொழுதுவிட்டு இப்போதுதான் இழையைப் பார்த்தேன். சவூதியில் பதினெட்டு வருசம் கராஜில் இருந்தவன், இந்த வேலையை எண்ண முடியாத அளவு செய்திருக்கிறேன். அங்கே ஓடும் பெரிய அமெரிக்க வண்டிகள் பலவற்றில் இதே பிரஸ் ஃபிட் புல்லிதான். வெயிலும் மணலும் சேர்ந்தால் அங்கேயும் இதே கதைதான், உப்பு மட்டும் இங்கே கூடுதல்.

மண்டபம் தம்பி, புல்லியின் நடுக்கழுத்தை நன்றாகப் பார். தண்டைச் சுற்றி ஒரு குமிழ் மாதிரி வெளியே நீண்டு, அதில் வட்டமாக ஒரு பள்ளம் ஓடுகிறதா? ஓடினால் வேலை சுலபம். இதற்கென்றே உள்ள புல்லரில் இரண்டு அரைவட்டத் துண்டுகள் இருக்கும், அவை அந்தப் பள்ளத்தைக் கவ்விக்கொள்ளும். மேலே ஒரு உறை போட்டுவிட்டால் விரியாது. நடு ஸ்குரூ தண்டின் முனையில் போய் உட்காரும். புல்லரின் உடம்பை ஒரு பெரிய ஸ்பானரால் பிடித்துக்கொண்டு ஸ்குரூவைத் திருகினால் தண்டு அங்கேயே நிற்கும், புல்லி வெளியே நடந்து வரும். பம்புக்கு ஒரு சின்னத் தட்டுகூட விழாது.

பேரிங் கழற்றுகிற மூன்று கால் புல்லரை வைத்து ஓரத்தைப் பிடித்து இழுக்காதே. கழுத்து அங்கேயே நிற்க, தட்டு மட்டும் குடைமாதிரி விரிந்துவிடும். பழைய புல்லி போனால் போகட்டும் என்பாய். பாதியில் நெளிந்துவிட்டால் அப்புறம் எதைப் பிடித்து இழுப்பாய்?

தட்டக் கூடாது என்று போட்டு அண்ணன் சொன்னதற்குக் காரணமும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பம்புக்குள் ஒரு ரோட்டர், அதில் மெல்லிசான தகடுகள் வரிசையாகச் செருகியிருக்கும். சுற்றும்போது அவை வெளியே பாய்ந்து சுவரை ஒட்டிக்கொண்டு எண்ணெயைத் தள்ளும். ரோட்டரின் இரண்டு பக்கமும் இடைவெளி மிகமிகக் குறைவு. தண்டின் தலையில் அடித்தால் அந்த அடி நேராக உள்ளே இருக்கும் தட்டுக்கும், தண்டை நிறுத்தியிருக்கும் சின்ன வளையத்துக்கும் போகிறது. அன்றைக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்துப் பம்பு முனக ஆரம்பிக்கும்.

மண்டபம் சவாரி
சனி, மாலை 5.20

பள்ளம் இருக்கிறது காக்கா! துருவில் மூடிக் கிடந்தது, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்ததும் தெரிகிறது. ஆனால் அந்தப் புல்லர் இங்கே எங்கே கிடைக்கும்? மீன்பிடித் தடைக்காலம் வேறு. போட்டெல்லாம் கரையேறிக் கிடக்கிறது, எந்த லேத்துப் பட்டறைக்குப் போனாலும் புரொப்பல்லரும் சாஃப்டுமாக வரிசை. சின்ன வேலைக்கு யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பாம்பன் போட்டு
சனி, மாலை 5.50

அது உண்மைதான். ஜூன் 14 வரைக்கும் எங்களுக்குத் தலை சொறிய நேரம் இல்லை. கரையில் கிடக்கும்போதுதானே இன்ஜினைப் பிரிக்க முடியும்.

கீழக்கரை காக்கா
சனி, இரவு 8.10

என்னிடம் இருக்கிறது. வரும்போது துணிமணிகளைக் குறைத்து டூல்ஸ் கொண்டுவந்தவன் நான், வீட்டில் இன்னும் அதற்குத் திட்டு வாங்குகிறேன். நாளைக்கு ராமநாதபுரத்தில் ஒரு கல்யாணம். பத்து மணிவாக்கில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வா, தருகிறேன்.

மண்டபம் சவாரி
சனி, இரவு 8.14

காக்கா, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. வருகிறேன். பெல்ட் கழற்றியாகிவிட்டது, அதனால் பஸ்ஸில்தான்.

பாம்பன் போட்டு
சனி, இரவு 8.30

அதுதான் சரி. உன் வண்டியில் ஒரே நீளப் பெல்ட் என்றால் டைனமோவும் தண்ணீர் பம்பும் அதில்தான் ஓடுகின்றன. பெல்ட் இல்லாமல் கொஞ்ச தூரம்தானே என்று கிளம்பினால் உச்சிப்புளி தாண்டுவதற்குள் ஹெட் வெந்துவிடும்.

பாலிடெக்னிக் வாத்தியார்
ஞாயிறு, காலை 7.00

நேற்றிரவு ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார்: புதுப் புல்லியை மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் ஓட்டை விரிந்து லேசாக ஏறிவிடுமா என்று. கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு, நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். ஓட்டை 17 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் 30 டிகிரி ஏறினால் விரிவது 0.006 மி.மீ. கொதிக்கும் தண்ணீரில் போட்டு 70 டிகிரி ஏற்றினாலும் 0.014 மி.மீ. தான். இப்படிப்பட்ட அழுத்தப் பிடிக்கு விடும் வித்தியாசம் பொதுவாக ஒரு மி.மீ.யில் நூறில் இரண்டு, மூன்று பங்கு. ஆக வெந்நீர் கொஞ்சம் உதவும், ஆனால் குளிர்ந்த தண்டைத் தொட்ட நொடியில் சூடு இறங்கிப் புல்லி பாதி வழியில் கவ்விக்கொண்டு நிற்கும். அது ஏறாததைவிட மோசம். கருவியைப் பயன்படுத்துவதே நல்லது.

கழற்றும்போது கேஸ் விளக்கால் சூடு காட்டவே கூடாது. தண்டின் சீல் ரப்பர். புல்லிக்கு ஒரு விரல்கடை பின்னால்தான் இருக்கிறது.

பரமக்குடி பைக்கர்
ஞாயிறு, காலை 7.25

அந்தத் தனிச்செய்தி நான்தான். சார் பெயரைச் சொல்லாமல் விட்டதற்கு நன்றி 😅

கீழக்கரை காக்கா
ஞாயிறு, மதியம் 2.40

டூல் பெட்டி கைமாறியாகிவிட்டது. பிரியாணி நன்றாக இருந்தது, தம்பிக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொடுத்தேன். இப்போது கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

தண்டின் முனைக்கும் புல்லிக் கழுத்தின் முகத்துக்கும் என்ன இடைவெளி என்று அளந்து எழுதிவை. சிலவற்றில் இரண்டும் ஒரே மட்டம், சிலவற்றில் தண்டு கொஞ்சம் உள்ளே, சிலவற்றில் வெளியே. கழற்றிய பிறகு யாரைக் கேட்டாலும் சரியான பதில் வராது.

அப்புறம், புதுப் புல்லியை ஏற்றும்போது தண்டின் மரையில் மாட்டுகிற போல்ட் பெட்டிக்குள் இரண்டு இருக்கிறது. ஒன்று 10 மி.மீ., இன்னொன்று 3/8 அங்குலம். 3/8 என்றால் 9.5 மி.மீ. 10 மி.மீ. ஓட்டைக்குள் அதுவும் நாலைந்து சுற்று வழுக்கிக்கொண்டு போகும், மரையின் நெருக்கமும் ஏறக்குறைய ஒன்று. சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்து இறுக்கினால் தண்டின் மரை மொத்தமாக வழித்துக்கொண்டு வந்துவிடும். அதோடு பம்பு குப்பைக்கு. என் கண்முன்னால் ஒருவன் செய்து, முதலாளி அவன் சம்பளத்தில் பிடித்தார். சரியான போல்ட் என்றால் விரலாலேயே கடைசி வரை போக வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது.

மண்டபம் சவாரி
திங்கள், இரவு 9.30

வேலை முடிந்தது என்று சொல்ல ஆசை. முடியவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு முற்றம் கடல் மணல். ஜாக்கி வைத்து ஏற்றினால் வண்டி ஏறுவதற்குப் பதில் ஜாக்கி இறங்குகிறது. பழைய கொட்டகையில் கிடந்த பனஞ்சட்டம் இரண்டை அருகருகே போட்டு, அதன் மேல் பலகை, அதன் மேல் ஜாக்கி. ஸ்டாண்டுக்கும் அதே மாதிரி. வண்டியை ஆட்டிப் பார்த்து அசையவில்லை என்றதும்தான் கையை உள்ளே விட்டேன். முன்சக்கரத்தைக் கழற்றி, உள்பக்க மண்தட்டை எடுத்ததும் புல்லி நேர் எதிரே தெரிந்தது. பேட்டரி நெகட்டிவையும் கழற்றிவைத்தேன், டைனமோ பக்கத்திலேயே ஸ்பானர் போக வேண்டியிருந்தது.

தண்டும் கழுத்தும் ஒரே மட்டம். ஸ்கேல் வைத்துப் பார்த்து, சுவரில் கரியால் "மட்டம்" என்று எழுதினேன். என் மகள் அதன் கீழே "அப்பா" என்று சேர்த்து எழுதிவிட்டாள்.

முதல் நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தேன். காக்காவின் புல்லரை மாட்டி, 22 ஸ்பானரில் உடம்பைப் பிடித்துக்கொண்டு ஸ்குரூவைத் திருகினேன். முதலில் ஒன்றும் இல்லை. கை நடுங்குகிறது. அப்புறம் "டக்" என்று ஒரு சத்தம், ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் தண்டைச் சுற்றிச் செங்கல் பொடி மாதிரித் துரு உதிர்ந்து, ஒரு நூல் அளவு பளபளப்பான இரும்பு தெரிகிறது. புல்லி நகர்ந்துவிட்டது. அதற்கப்புறம் திருகத் திருக வெண்ணெயில் கத்தி போல வந்தது. கழற்ற ஆன நேரம் ஆறு நிமிடம்.

மாட்டுவதில்தான் சொதப்பல். தண்டின் ஓட்டைக்குள் உப்பும் துருவும் அடைத்து, 10 மி.மீ. போல்ட் மூன்று சுற்றுக்கு மேல் போகவில்லை. 3/8 போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு நிமிடம் கை போனது உண்மை. காக்கா எழுதியதை மறுபடி படித்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

கூடவே இன்னொரு வினை. கையை உள்ளே விட்டு வாங்குவதில் ரிட்டர்ன் ஹோஸின் கிளிப் பொடிந்து, ஹோஸ் நழுவி, எண்ணெய் முழுக்க மணலில். தட்டு வைப்பதற்குள் பாதி போய்விட்டது.

கீழக்கரை காக்கா
திங்கள், இரவு 9.50

கை போனதும் நிறுத்தினாயே, அது போதும். ஓட்டைக்குள் 10 மி.மீ. டேப் (மரை வெட்டும் கருவி) ஒன்றைக் கையாலேயே மெல்ல விட்டு மரையைச் சுத்தம் செய். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். இடையிடையே எடுத்துத் துடை. கிரீஸ் தடவி விட்டால் தூள் அதிலேயே ஒட்டிக்கொண்டு வெளியே வரும், உள்ளே தங்காது.

வெறும் போல்ட்டும் வாஷரும் வைத்துப் புல்லியை இழுத்து ஏற்றலாமே என்று அடுத்து யாராவது கேட்பார்கள், அதற்கும் சேர்த்துச் சொல்கிறேன். போல்ட்டைத் திருகி இழுத்தால், புல்லி வெளியே இருக்கும் ஆரம்பத்தில் போல்ட்டின் நுனி இரண்டு மூன்று மரையை மட்டும்தான் பிடித்திருக்கும். மொத்தப் பாரமும் அந்த இரண்டு மரை மேல். பிய்த்துக்கொண்டு வராமல் என்ன செய்யும்? இந்தக் கருவியில் நடுத்தண்டு முதலிலேயே ஓட்டையின் அடிவரை போய் உட்கார்ந்துவிடும். அது சுற்றாது. அதன் மேல் இருக்கும் பெரிய நட்டுதான் சுற்றிப் புல்லியைத் தள்ளும். நட்டுக்குக் கீழே ஒரு பேரிங் இருக்கிறது, அதற்கும் கிரீஸ் வை.

பாம்பன் போட்டு
திங்கள், இரவு 10.15

டேப் நான் தருகிறேன், காலையில் பாலத்தைத் தாண்டி வா. எண்ணெய்க்கு ரிசர்வாயர் மூடியைப் பார், எது எழுதியிருக்கிறதோ அதுதான். போட்டு கியர் பாக்ஸ் எண்ணெயை ஊற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதே. சீல் ஊதிப் போய்விடும்.

மணலில் கொட்டியதை அள்ளி ஒரு பழைய டின்னில் போடு. எங்கள் யார்டில் கழிவு எண்ணெய் டிரம் இருக்கிறது.

மண்டபம் சவாரி
செவ்வாய், மாலை 6.40

ஏற்றிவிட்டேன், ஓடவும் செய்கிறது. ஆனால் பெல்ட் ஒரு பல் தள்ளி ஓடுகிறது. ஆறு பல் பெல்ட்டில் ஐந்து பல்தான் புல்லிக்குள், ஒன்று ஓரத்தில் தொங்குகிறது. வெளியே மாலைக் கச்சான் காற்று மணலை வாரி இறைக்கிறது. சாரத்தை விரித்துப் பம்பை மூடிவைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாலிடெக்னிக் வாத்தியார்
செவ்வாய், மாலை 7.05

மட்டம் பார்த்தீர்களா?

மண்டபம் சவாரி
செவ்வாய், மாலை 7.12

பார்த்தேன் சார். ஆனால் இருட்டிக்கொண்டு வந்தது, இறுக்கமாக இருக்கட்டும் என்று கடைசியில் இரண்டு சுற்று கூடவே கொடுத்துவிட்டேன்.

பாலிடெக்னிக் வாத்தியார்
செவ்வாய், மாலை 7.30

அந்த இரண்டு சுற்றுதான். இறுக்கம் கூடவில்லை, புல்லி உள்ளே போயிருக்கிறது. அழுத்தப் பிடியில் "இன்னும் கொஞ்சம் இறுக்கு" என்பதே கிடையாது. பிடியைத் தருவது அளவு வித்தியாசம், ஆழத்தைத் தருவது உங்கள் கை.

சரிபார்க்க ஒரு வழி: கிராங்க் புல்லியில் ஏதாவது ஒரு பள்ளத்தில், உதாரணமாக முன்னாலிருந்து இரண்டாவதில், நூலை வைத்து இழுத்துப் பம்பு புல்லிக்குக் கொண்டு வாருங்கள். அங்கேயும் இரண்டாவது பள்ளத்தில் ஒடிவில்லாமல் நேராக விழ வேண்டும். புல்லியின் வெளிமுகத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், ஒவ்வொன்றின் விளிம்பும் வேறு தடிமன், ஏமாற்றிவிடும்.

பாம்பன் போட்டு
செவ்வாய், மாலை 7.45

நூல் தொய்யும். மீன்பிடிக்கிற தங்கூசி நரம்பை எடு, மண்டபத்தில் அதற்கா பஞ்சம்? விறைப்பாக நிற்கும்.

மண்டபம் சவாரி
புதன், காலை 10.20

விடியற்காலை காற்று எழும்புவதற்கு முன்னால் ஐந்தரைக்கே தொடங்கிவிட்டேன். தங்கூசியை இழுத்துப் பிடித்துப் பார்த்தால், பம்பு புல்லியில் வந்து ஒடிந்து நிற்கிறது, இரண்டு மி.மீ. உள்ளே. மறுபடி புல்லரை மாட்டி, அரைச் சுற்று திருகுவது, நரம்பைப் பார்ப்பது, மறுபடி கால் சுற்று. நான்காவது தடவையில் நரம்பு பள்ளத்துக்குள் கோடு போட்ட மாதிரி விழுந்தது. அப்போது ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், தண்டும் கழுத்தும் ஒரே மட்டம். சுவரில் எழுதியிருந்ததுதான்.

புது ஹோஸ் கிளிப் போட்டு, மூடியில் போட்டிருக்கும் டெக்ஸ்ரான் எண்ணெயை ஊற்றி, இரண்டு முன்சக்கரமும் தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்தி, இன்ஜினைப் போடாமலே ஸ்டியரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்குமாக இருபது தடவை திருப்பினேன். மனைவி ரிசர்வாயர் பக்கம் நின்று "குமிழி வருது, குமிழி வருது, இன்னும் ஊத்துங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குமிழி நின்றதும்தான் ஸ்டார்ட். முதலில் கொஞ்சம் முனகியது, எண்ணெய் ரோஸ்மில்க் மாதிரி நுரைத்தது. அணைத்துவிட்டு அரைமணி நேரம் காத்திருந்து மறுபடி போட்டேன். நுரையும் இல்லை, முனகலும் இல்லை.

ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்புகிறேன். கிறீச் இல்லை. ஈர்க்குச்சியை மறுபடி கட்டிப் பார்த்தேன், சுற்று முழுக்க ஒரே இடைவெளி.

பாம்பன் போட்டு
புதன், காலை 10.45

கடைசிக்குத் திருப்பி அப்படியே பிடித்துவைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடு. எண்ணெய் போக வழி இல்லாமல் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். ஐந்து வினாடிக்கு மேல் வேண்டாம். சவாரிக்காரர்கள் வண்டியைத் திருப்பும்போது எல்லோரும் செய்வது அதுதான்.

மண்டபம் சவாரி
புதன், காலை 10.52

செய்திருக்கிறேன் அண்ணே. அரிச்சல்முனையில் வண்டி திருப்புகிற இடத்தில், முன்னாலும் பின்னாலும் வேன் நிற்கும்போது வேறு வழி இல்லாமல். இனி சக்கரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் திருப்புகிறேன்.

மதுரைக்காரன் 5
புதன், மதியம் 12.10

அந்தப் பக்கம் அடிக்கடி வருகிறவன் கேட்கிறேன், இந்த உப்புக்கு என்னதான் வழி? திரும்பி வந்ததும் தண்ணீர் அடித்துக் கழுவினால் போதுமா?

பாலிடெக்னிக் வாத்தியார்
புதன், மதியம் 12.50

எந்தத் தண்ணீர் என்பதில்தான் விசயம். எங்கள் கரையோர ஊர்களில் பல வீட்டுப் போர் தண்ணீரே உப்பு. அதை அடித்துக் கழுவிவிட்டு வெயிலில் காயவைத்தால் உப்பை நீங்களே பூசிவிட்டதாகும். காவிரிக் குடிநீர் ஒரு குடம் கிடைத்தால் அதில் துணியை நனைத்து, இன்ஜின் ஆறிய பிறகு, பிராக்கெட், புல்லி ஓரம், போல்ட் தலை இவற்றைத் துடைப்பதே மேல். அலுமினியப் பிராக்கெட்டில் எஃகு போல்ட் இருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் தங்கினால் ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். நம் புல்லிக்கு இருப்பது கறுப்புப் பெயிண்ட்.

பெல்ட் ஓடும் பள்ளத்தில் மட்டும் எண்ணெயோ கிரீஸோ பெயிண்டோ படக் கூடாது.

மண்டபம் சவாரி
புதன், மதியம் 1.15

குடிதண்ணீரில் வண்டியைத் துடைத்தால் வீட்டில் என்னைத் துடைத்துவிடுவார்கள் சார். மழை பெய்யும்போது பிடித்துவைக்கிறேன்.

காக்கா, டூல் பெட்டியைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். எங்கே கொண்டுவந்து தரட்டும்? காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். நாட்டுப்படகில் இன்றைக்கு நண்டு நல்லபடி வந்திருக்கிறது.

தொண்டி டிரைவர்
புதன், மதியம் 1.40

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மூன்று நாளாக எழுதாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். என் வண்டியிலும் இதே கிறீச், இதே நட்டு இல்லாத புல்லி. அந்தப் பெட்டி எனக்கு ஒரு வாரத்துக்குக் கிடைக்குமா?

கீழக்கரை காக்கா
புதன், மதியம் 2.05

நண்டு இங்கே வரட்டும், பெட்டி தொண்டிக்குப் போகட்டும். மண்டபம் தம்பி, ராமநாதபுரத்தில் தேவிபட்டினம் வழியாகப் போகிற பஸ்ஸில் கொடுத்துவிடு. தொண்டி தம்பி, முதலில் புல்லியை ஆட்டிப் பார்த்தாயா?

தொண்டி டிரைவர்
புதன், மதியம் 2.11

ஆட்டினேன், அசையவில்லை. மட்டமும் அளந்துவிட்டேன், தண்டு ஒரு மி.மீ. உள்ளே. போல்ட் எது 10, எது 3/8 என்று பார்த்தால் தெரியுமா?

மண்டபம் சவாரி
புதன், மதியம் 2.20

தெரியாது, இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 10க்கு என் மகளின் ரிப்பனில் ஒரு துண்டு கட்டியிருக்கிறேன், சிவப்பு. அவிழ்த்துவிடாதீர்கள்.